தலையணைக்குள் இருந்த குழவி

தலையணையை யாரும் தராசில் வைக்கச் சொல்ல மாட்டார்கள் என்று கணக்குப் போட்டது நான்தான். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒருவர் சொல்லித் தருவதை நான் கேட்டு நடந்ததும் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான். ஆனாலும் கொடிகாமத்தில் எங்கள் ஒழுங்கையில் என்னைக் கேட்காமல் ஒரு கலியாணத்துக்கு நாள் வைக்க மாட்டார்கள். அப்படி நிமிர்ந்து நடந்த மனுசி. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நிமிர்வுதான் ஒரு பிள்ளையின் கையை முறித்தது, அதனால் சொல்லுகிறேன்.

எண்பத்தி மூன்று கலவரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, வைகாசி மாதம். என் மூத்தவள் கொழும்பில் தலைப்பிள்ளைக்கு வயிறோடு இருந்தாள். பிள்ளை முந்திப் பிறக்கும்போல இருக்கிறது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டாராம். மாமி ரயிலில் பகல் முழுக்க அலுக்கவேண்டாம் என்று மருமகன் பிளேனுக்குப் பதிந்து அனுப்பிவிட்டார். நான் அந்த டிக்கெட் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்தேன். கடைக்குப் போகத் தேவையில்லாத நேரத்திலும் போனேன்.

மகளின் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அம்மி இருக்கிறது, குழவி உடைந்துவிட்டது, காயம் அரைக்கப் பக்கத்து வீட்டில் வாங்கலாம் என்று எழுதியிருந்தாள். காயம் என்றால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கு. மிளகு, மல்லி, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் வைத்துப் பசைபோல அரைக்கவேண்டும். எனக்குக் கடிதம் வாசித்துக் காட்டியவள் என் இளையவள்.

"பக்கத்து வீட்டுக் குழவியோ? அவை மச்சம் அரைக்கிற ஆக்களெல்லோ" என்றேன்.

"கழுவிப்போட்டு அரைச்சால் சரிதானே அம்மா."

"மீன் சரக்கு அரைச்ச கல்லிலை என்ரை பிள்ளைக்குக் காயம் அரைக்கிறதோ? நீ வாயைப் பொத்து."

"அப்ப கொழும்பிலை புதுசா ஒண்டு வாங்கலாம்."

"புதுக்கல்லு மண் விடும். பச்சை உடம்புக்காரிக்கு மண் சாப்பிடக் குடுக்கிறதோ?"

என் வீட்டுக் குழவியால்தான் என் மூன்று பிள்ளைப்பேற்றுக்கும் காயம் அரைத்தது. அதில் மச்சம் பட்டதே இல்லை. அதைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் பிளேனுக்கு ஆளுக்கு இவ்வளவுதான் பாரம் என்று கட்டு இருந்தது. என் பெட்டியோ பனங்கட்டியும் நல்லெண்ணெய்ப் போத்தலும் ஒடியல் மாவுமாய் அந்த அளவுக்கு வந்துவிட்டது. அதுவுமல்லாமல், பிளேன் ஏறுகிற மனுசி பெட்டியில் அம்மிக் குழவியோடு வந்தாள் என்று நாலு பேர் பார்த்துச் சிரிப்பதை நான் தாங்கமாட்டேன். இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைப் பிரித்து, நடுவில் குழவியை வைத்து, சுற்றிவரப் பஞ்சை அடைத்துத் திரும்பத் தைத்தேன். ஏழு கிலோ வரும். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த உடம்பு எனக்கு. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஞ்சு போலவே நடந்தேன்.

பலாலிப் பிளேன் நிலையத்தில் பெட்டியைத் தராசில் நிறுத்தார்கள், பிறகு ஆட்களையும் ஒவ்வொருவராய் நிறுத்தார்கள். நான் தராசில் ஏறமுன் தலையணையை இளையவளிடம் கொடுத்தேன். இறங்கி வாங்கிக்கொண்டேன். நிறுக்கிற பொடியன் பார்த்தான்.

"உதென்னம்மா?"

"தலையணை. உதையும் நிறுக்கப் போறியே?"

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். இளையவள் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் கை ஒரு பக்கம் தொங்கிப் போயிருந்தது.

சின்னப் பிளேன். எங்கள் கொடிகாமத்துத் தட்டிவான்கூட அதைவிடப் பெரிது. முன்னுக்கு ஒரு எஞ்சின், ஓட்டுகிற ஆளோடு ஐந்து பேர். இரண்டு சுருட்டு வியாபாரிகள், இளைப்பாறின வாத்தியார் ஒருவர், நான். வாத்தியாரை எனக்குத் தெரியும். எங்கள் பகுதிதான், எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஓட்டுகிறவன் முப்பது வயதுகூட வராத பொடியன், நல்ல வெள்ளைச் சட்டை. எங்கள் நிறையைக் கடதாசியில் பார்த்துப் பார்த்து இருத்தினான். உடம்பு பெருத்த வியாபாரி அவனுக்குப் பக்கத்தில். மாஸ்டரும் மற்ற வியாபாரியும் நடுவில். மெலிந்த மனுசி என்று என்னைக் கடைசியில் பெட்டிகளோடு.

"தம்பி எவடம்?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது அதுதானே.

"கொழும்புத்துறை, அம்மா."

"அப்பா என்ன செய்யிறார்?"

"கடல்தான். வள்ளம் இருக்கு."

கொழும்புத்துறை எங்கள் யாழ்ப்பாணத்துக் கரையூர்தான். நான் மேலே கேட்கவில்லை. மீன்பிடிகாரரின் பொடியன் பிளேன் ஓட்டுகிறானோ என்று மனதுக்குள் நினைத்தேன். அது மாத்திரமல்ல. இவன் கையில் என் உயிரைக் கொடுக்கிறேனே என்றும் நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மேலே கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிளேனின் வால் பாரமாய் இருக்கிறதாம்.

"பின்னுக்கு ஏதும் பாரமான சாமான் இருக்கோ? நிறுக்காமல் ஆரும் கொண்டுவந்தனீங்களோ?"

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. இந்தப் படிக்காத மனுசி எதையோ கொண்டுவந்திருக்கிறாள் என்ற பார்வை.

"எங்களிட்டை ஒண்டுமில்லை" என்றேன் நான். எல்லோருக்குமாய்ச் சேர்த்துச் சொன்னேன்.

கீழே கடல்நீரேரி தெரிந்தது. அதைத் தாண்டிப் பூநகரிப் பக்கம் போகத் தொடங்குகிற நேரம் எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. முன்னால் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி சும்மா ஒரு பலகைத் துண்டாய் நட்டபடி நின்றது. அதுவரை கத்திக் கதைத்துக்கொண்டிருந்த வியாபாரியின் குரல் அந்த அமைதியில் பெரிதாய்க் கேட்டது. அவர் புகையிலை விலையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லின் பாதியில் நிறுத்தினார்.

காற்று மட்டும் உஸ்ஸென்று கேட்டது. அந்தப் பொடியன் எதையெதையோ திருகிப் பார்த்தான், அமத்திப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

"ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்றான். "எஞ்சின் இனி வராது. ஆனால் பிளேன் விழாது. பருந்து செட்டை அடிக்காமல் இறங்கிறேல்லையோ, அப்பிடித்தான் இறங்கப் போறம்."

"எங்கை இறங்கிறது? எல்லா இடமும் தண்ணி!" என்றார் மாஸ்டர்.

"எங்கடை ஊருக்குக் கிழக்காலை ஒரு உப்பு வெளி இருக்கு மாஸ்டர். வைகாசியிலை தண்ணி வத்திக் காய்ஞ்சு கிடக்கும். சின்னனிலை அதிலை பந்தடிச்சனாங்கள். எந்தப் பக்கம் இறுகல், எந்தப் பக்கம் சேறு எண்டு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்."

பிளேனைத் திருப்பினான். நாங்கள் ஒரு பக்கம் சாய்ந்தோம். எனக்கு ஊரிலுள்ள அத்தனை கோயிலும் ஞாபகம் வந்தது. அவன் முன்னால் உள்ள பிடியைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிளேனின் மூக்கு மேலே மேலே எழும்பப் பார்த்தது. அது எழும்பினால் வேகம் போய்விடும், வேகம் போனால் விழுந்துவிடுவோம் என்று அவன் வியாபாரிக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

"பின்னுக்கு இருக்கிற பாரத்தை முன்னுக்குத் தாங்கோ. கெதியா."

நான் பெட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் முன்னுக்குக் கொடுத்தார். அதை எல்லாம் தாராளமாய்ச் செய்தேன். வியாபாரி தன் காலடியில் அடுக்கினார்.

"இனி ஒண்டும் இல்லையே? அம்மா, உங்கட்டை?"

"இல்லைத் தம்பி. தலையணை மட்டும்தான்."

அந்த நேரத்தில்கூட நான் அதைக் கொடுக்கவில்லை. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் மடியில் இருந்தால் அது என் பாரம், பிளேனின் பாரம் இல்லை என்று நினைத்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பாய் இருக்கிறது. அப்போது முழுக்க நம்பினேன். தலையில் கடகத்தை வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் இருந்தால் மாட்டுக்குப் பாரம் குறையும் என்று நம்புகிற ஆளைப் போல.

அவன் தலையைத் திருப்பாமலே சொன்னான்: "நல்லதாப் போச்சம்மா. இறங்கேக்கை அந்தத் தலையணையை முகத்துக்கு முன்னாலை பிடிச்சுக்கொண்டு குனியுங்கோ. உங்களுக்கு ஒண்டும் செய்யாது."

அந்த நிலையிலும் கடைசியில் இருக்கிற ஒருத்தியின் முகத்தை நினைத்திருக்கிறான். நானோ கல்லில் முகத்தை வைப்பேனா? மடியிலேயே தளர்வாய்ப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

பனைகளின் தலை சன்னலுக்கு நேரே வந்தது. பிறகு எங்களுக்கு மேலே போனது. கொழும்புத்துறைக் கோயிலின் சிலுவை ஒரு கணம் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாய் வெடித்த நிலம் ஓடிவந்தது. முதல் இடி இடித்து எழும்பினோம், மறுபடி இடித்தோம், பிறகு நீளத்துக்கு ஓடினோம். முடிந்தது, தப்பிவிட்டோம் என்று நான் நினைத்த அந்த நேரத்தில் முன் சில்லு எங்கோ புதைந்து பிளேன் திடீரென்று நின்றது. என் மடியில் இருந்தது போய்விட்டது. மாஸ்டருக்கும் மற்றவருக்கும் நடுவால் பறந்து போய், பிடியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பியின் வலது கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விறகு முறித்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

அவன் கத்தவில்லை. முதலில் எங்களைத்தான் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கண்ணால் எண்ணினான்.

"எல்லாரும் சரிதானே? கதவைத் திறந்து கெதியா இறங்குங்கோ."

எல்லோரும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். நான் இறங்கமுன் முன்னுக்கு எட்டி அந்தத் தலையணையை எடுத்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். 

கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒரு வயதானவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி எல்லோருக்கும் முந்தி வந்தார். அது அவனுடைய அப்பு. மகனின் கை மணிக்கட்டில் ஒரு பக்கம் திரும்பித் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னடா செய்தனி?" என்றார்.

"ஒண்டுமில்லை அப்பு. இறங்கேக்கை அடிபட்டுப் போச்சு."

ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் நீட்டினாள். தொண்டை காய்ந்து ஒட்டிக் கிடந்தது. "நான் விரதம்" என்றேன். அன்றைக்கு ஒரு விரதமும் இல்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் செம்பைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் ரயிலில் கொழும்புக்குப் போனேன், தலையணையோடு. பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. முப்பத்தொரு நாளும் என் குழவியால்தான் காயம் அரைத்தேன். ஒரு நாள் மகள் கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"ஏனம்மா அழுறியள்?"

"மிளகுக் காரம்" என்றேன்.

நான் ஊருக்குத் திரும்பின பிறகு, கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. அவர்கள் உடுத்த துணியோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார்கள். குழவி அங்கேயே போய்விட்டது. போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முந்தியே, நான் கொழும்பில் இருக்கும்போதே, பிளேன்காரர் ஒரு கடதாசி அனுப்பியிருந்தார்கள். நிறுக்காத சாமான் ஏதும் கொண்டுபோனீர்களா என்று கேட்டு. மருமகன் வாசித்துச் சொன்னார். நான்தான் எழுதுவேன் என்று பேனையை வாங்கினேன். தலையணை மட்டும் என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். நாலாம் முறை சொன்ன பொய் அது. எழுதின பொய்.

பிறகு மாஸ்டர் சொல்லித் திரிந்த கதை என் காதுக்கும் வந்தது. பொடியன் கடைசி நேரத்தில் பயந்துபோனானாம், பிடிக்கக் கூடாத இடத்தைப் பிடித்துத் தன் கையைத் தானே முறித்துக்கொண்டானாம், தெய்வம்தான் எங்களை இறக்கினதாம். வாசிகசாலையில், சந்தையில், செத்த வீடுகளில் எல்லாம் அவர் சொன்னார். வாத்தியார் சொன்னால் யார் மறுக்கிறது? என் முன்னால் வைத்தே ஒரு கலியாண வீட்டில் சொன்னார். "என்ன, நீரும் பிளேனுக்கை இருந்தனீர்தானே, சொல்லுமன்" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அந்த ஓம் எதற்கு என்று எனக்கே தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், பிசைந்தபடி சொன்னேன்.

எட்டு வருசம் போனது. சாமான் தடை வந்து, பெற்றோல் என்பது மருந்துபோல் சொட்டுக் கணக்காய் வந்த காலம். எங்கள் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப் மண்ணெண்ணெய்க்கு ஓட மறுத்தது. கொழும்புத்துறையில் ஒருவன் இருக்கிறான், முந்திப் பிளேன் ஓட்டினவன், எந்த எஞ்சினையும் மண்ணெண்ணெயில் ஓடவைப்பான், ஒரு கைதான் சரி என்று பக்கத்துத் தோட்டக்காரன் சொன்னான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பம்பைத் திருத்த எங்கள் ஊரிலேயே ஆள் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் பம்பின் காபரேற்றரைக் கழற்றுவித்துத் துணியில் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். சும்மா போய் மன்னிப்புக் கேட்கிற ஆள் நான் இல்லை. கையில் ஒரு காரணம் வேண்டும்.

கிடுகு வேலிக்குள்ளே ஒரு கொட்டில். எங்கும் பம்பும் உதிரிப் பகுதிகளும். அவன் சின்ன மணையில் இருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. காபரேற்றரை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் திறந்தான். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் பாதி மடிந்து, பிடிக்கவும் இல்லாமல் விரிக்கவும் இல்லாமல்.

"ஊசி அடைச்சுக்கிடக்குதம்மா. அரை மணித்தியாலம் இருங்கோ."

"தம்பிக்கு என்னைத் தெரியுதோ?"

அவன் நிமிராமலே சொன்னான். "தலையணை அம்மா."

 பக்கத்தில் கிடந்த பெட்டியில் இருந்தேன்.

"அண்டைக்கு என்ரை கையிலை விழுந்தது பஞ்சில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றான். "ஆரிட்டையும் சொல்லேல்லை. தங்கம் கொண்டுபோறியள் எண்டு நினைச்சன். மகளின்ரை சீதனமாக்கும், சொன்னால் பொலிசிலை மாட்டுப்படுவியள் எண்டு விட்டிட்டன். விசாரணையிலை நானே அடிபட்டது எண்டு எழுதிக் குடுத்தன்."

"தங்கமில்லைத் தம்பி."

"அப்ப என்ன? காசோ?"

"கல்லு."

"என்ன கல்லு? இரத்தினக்கல்லோ?"

நான் சேலைத் தலைப்பைத் திருகினேன். சொல்லத்தான் வந்திருக்கிறேன். 

"அம்மிக் குழவி" என்றேன் கடைசியில்.

அவன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை. இடது கையால் கண்ணைத் துடைத்தான். பிறகு மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தான். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"தங்கமெண்டே இருந்திருக்கலாம்" என்றான் மெல்ல.

காபரேற்றர் ஊசியை மறுபடி கையில் எடுத்தான். நான்தான் கேட்டேன்.

"அந்தக் குழவியாலைதானோ எஞ்சின் நிண்டது?"

"இல்லை. அது எஞ்சினின்ரை பிழை. உங்கடை குழவி பிளேனை விழுத்தாது. ஆனால் நான் கேட்டனான் எல்லோ அம்மா? இரண்டு தரம் கேட்டனான். ஓம் எண்டு சொல்லியிருந்தால் கீழை போட்டுக் காலாலை மிதிச்சுக்கொண்டு இருங்கோ எண்டிருப்பன். அவ்வளவுதான். கை இருந்திருக்கும். பிளேன் ஓட்டுற வேலையும் இருந்திருக்கும்."

"என்னை மன்னியுங்கோ தம்பி" என்றேன். என் வாழ்நாளில் என்னிலும் இளையவரிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு அது.

"என்னை விடுங்கோ" என்றான். "அப்புதான் பாவம். மாஸ்டர் சொன்ன கதை இஞ்சையும் வந்தது. அப்பு பாய்மரத்திலை ஓடின ஆள். காத்து விழுந்து கிடக்கேக்கையும் வள்ளத்தை வடிவாக் கரையிலை சேர்ப்பார். தன்ரை மகன் கரையைக் கண்டாப் பிறகு கை நடுங்கிப் போனான் எண்டு நம்பிக்கொண்டே மூண்டு வருசத்துக்கு முந்திக் கண்ணை மூடினவர். அம்மா உள்ளுக்கை இருக்கிறா. ஏலுமெண்டால் அவவுக்குச் சொல்லுங்கோ."

எழும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். காபரேற்றர் அவன் முழங்காலுக்கு நடுவில் கிடந்தது. அதற்குள் கூப்பிடாமலே அவனுடைய அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். கறுத்த, உயர்ந்த மனுசி. கழுத்தில் செபமாலை. கண்டவுடன் சொன்னாள்:

"ஓ, தண்ணி குடியாத மனுசி."

செம்பு நீட்டினவள் அவள்தான். எனக்கு அதுவரை தெரியாது.

நான் எழும்பி நின்று சொன்னேன். தலையணை, தராசு, அவன் கேட்டது, நான் சொன்னது எல்லாம். அவள் தூணைப் பிடித்தபடி கேட்டாள்.

"கொழும்பிலை குழவியே இல்லையோ?"

"பக்கத்து வீட்டிலை இருந்தது."

"பேந்தென்ன?"

அவன் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தான். கொட்டிலின் ஓரத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த மணத்துக்குள் நின்றுகொண்டு, அந்த மனுசியின் முகத்துக்கு நேரே, நான் சொல்லவேண்டியிருந்தது.

"அவை மச்சம் அரைக்கிற ஆக்கள். அந்தக் கல்லிலை என்ரை பிள்ளைக்கு அரைக்கக் கூடாது எண்டு நினைச்சன்."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். அவள் மகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"காயம் நல்லாப் பசையா அரைபட்டதோ?" என்று கேட்டாள். "உம்மடை மகள் எழும்பி நடந்தவளோ? வயிறு உள்ளுக்குப் போட்டுதோ?"

"ஓம்."

"சந்தோசம். நான் எட்டு வருசமா இவனுக்குச் சோறு பிசைஞ்சு குடுக்கிறன். மீன் முள்ளு எடுத்துக் குடுக்கிறன்."

"அம்மா, காணும்" என்றான் அவன்.

"நீ பேசாமல் இரு. அண்டைக்கு நீ பேசியிருக்கவேணும்." என் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சொல்லி என்ன? நான் ஒருநாளும் அந்தக் கதையை நம்பேல்லை. பெத்தவளுக்குத் தெரியாதோ. நம்பின ஆளுக்குப் போய்ச் சொல்லும்."

"மாஸ்டருக்கோ? சொல்லுறன்."

"மாஸ்டருக்குப் பேந்து சொல்லும். முதல்லை எங்கடை மனுசனுக்குச் சொல்லும். எழும்பும், சவக்காலைக்குப் போவம்."

எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. என் தாயை, என் மனுசனைக்கூட நான் படலைவரைக்கும் வந்துதான் அனுப்பினேன். படலையில் விழுந்து அழுதுவிட்டுத் திரும்பினோம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"நான் போறதில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். மணையில் இருந்தவன் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். மூடி வழுக்கி விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். நான் செருப்பைப் போட்டேன்.

கோயிலுக்குப் பின்னால் போகிற மணல் பாதை. நல்ல வெயில். அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். வழியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

"ஆரக்கா உது?"

"உன்ரை அண்ணையைத் தெரிஞ்ச ஆள்" என்று சொல்லிக்கொண்டு அவள் நடந்தாள்.

சீமெந்து பூசாத மண் கல்லறை. மேலே மரச் சிலுவை, சுற்றிவரச் சிப்பிகள். அவள் முழங்காலில் இருந்து காய்ந்த பூக்களை ஒதுக்கினாள். நான் எட்டத்தில் நின்றேன்.

"கிட்ட வாரும். அங்கை நிண்டு சொன்னால் எப்பிடி?"

கிட்டப் போனேன். என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. ஐயா என்றேன். அன்றைக்கு உங்கள் மகன் பயப்படவில்லை, வடிவாய் இறக்கினவர், கையை முறித்தது நான் கொண்டுவந்த சாமான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன சாமான்?" என்றாள் அவள்.

"கல்லு."

"கல்லு எண்டு சொல்லாதையும். அந்தாளுக்கு விளங்காது. பேரைச் சொல்லும்."

"குழவி. அம்மிக் குழவி."

"ஏன் கொண்டுவந்தனீர் எண்டும் சொல்லும்."

அதையும் சொன்னேன். இரண்டு பேர் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.  இனிப் போகலாம் என்று நினைத்துச் சேலையை இழுத்துத் தலையை மூடினேன். அவள் எழும்பவில்லை. சிலுவையில் ஒரு கையை வைத்தபடி, என்னைப் பாராமல், வெகு சாதாரணமாய்ச் சொன்னாள்.

"இன்னும் சத்தமாச் சொல்லும். அவருக்குக் காது மந்தம்."

நான் முதலில் இருந்து, சத்தமாய்ச் சொல்லத் தொடங்கினேன்.